கூட்டாமல் குறைக்காமல்

அவர் மொழிபெயர்க்கும்போது உட்காரவே மாட்டார். நாற்காலி போட்டுக் கொடுத்தால் அதன் முதுகில் கோட்டைத் தொங்கவிட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பார். யாராவது பேசத் தொடங்கியதும் அவருடைய வலது கை நெஞ்சளவுக்கு உயரும். ஒரு வசனம் முடிந்தால் அந்தக் கை விறைத்து நிற்கும். அதற்குமேல் யாரும் மூச்சுவிடக் கூடாது. அந்த ஒரு வசனத்தை மற்ற மொழியில் சொல்லி முடித்த பிறகுதான் கை இறங்கும். பேசுகிறவர் பள்ளிக்கூட அதிபராக இருந்தாலும் சரி, உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்த என் அப்பாவாக இருந்தாலும் சரி, அந்தக் கைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆகவேண்டும்.

பெயர் எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. எங்கள் ஆட்கள் அவரை, பிரெஞ்சுக்காரர் ஐயா என்பதற்குச் சொல்கிற முசியே என்றுதான் கூப்பிட்டார்கள். பாண்டிச்சேரிக்காரர், பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் நாங்கள் பாரிசின் லா சப்பல் பகுதிக்கு வந்து சேரத் தொடங்கியபோது, எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் தெரிந்த ஒரு ஆள் தேவைப்பட்டது. எங்கேயோ விசாரித்து இவரைப் பிடித்தார்கள். பெற்றோர் கூட்டம் என்றால் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கால்மணி நேரம் முந்தியே வந்து நிற்பார்.

தமிழ் தெரிந்தவர் என்று பேர்தான். அவருடைய தமிழ் எங்களுக்குப் பாதி விளங்காது, எங்கள் தமிழ் அவருக்குக் கால்வாசி விளங்காது. ஆனால் விளங்காத சொல்லை விழுங்கிவிட்டுப் போகிற ஆளில்லை. "அந்த வார்த்த என்னா?" என்று கேட்டு, திரும்பச் சொல்லவைத்து, இன்னொருவரிடம் சரிபார்த்து, பிறகுதான் பிரெஞ்சுக்குப் போவார். கூட்டம் தொடங்குமுன் இரண்டு மொழியிலும் ஒரே அறிவிப்பைச் செய்வார். "சொன்னத சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்." முதல் தடவை கேட்டபோது எங்கள் ஆட்களுக்கு அது நல்ல விசயமாகத்தான் பட்டது.

எத்தனை நல்ல விசயம் என்பது இரண்டாவது கூட்டத்தில் தெரிந்தது. என்னோடு படித்த ஒரு பிள்ளையின் தாய், கணக்கு ரீச்சர் நீளமாகக் குறை சொல்லிக்கொண்டு போனதில் சலித்து, தனக்குத்தானே முணுமுணுத்தார்: இந்த மனிசிக்கு விசர். இவர் கை உடனே உயர்ந்தது. விசர் என்றால் என்ன என்று கேட்டார். தாய் வெலவெலத்து வாயை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு புண்ணியவான், உதவி செய்கிறேன் என்று நினைத்து, பைத்தியம் என்று விளக்கம் கொடுத்தார். அது அப்படியே பிரெஞ்சில் போனது. ரீச்சரின் முகம் சிவந்தது. பிறகு அந்த மனிசி ஏதோ சொல்ல, இவர் எங்கள் பக்கம் திரும்பி, இருக்கலாம், ஆனால் உங்கள் பிள்ளை மூன்று வாரமாக வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் கூட்டத்துக்கு வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் போனார்கள். எது கேட்டாலும் தலையாட்டல். அதற்கும் அவர் விடவில்லை. தலையாட்டலைத் தன்னால் மொழிபெயர்க்க முடியாது, வாயால் சொல்லுங்கள் என்றார். அப்படிச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் எங்கள் ஆட்கள் ஒரு வசனத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். 'நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ.' ஊரில் ரீச்சருக்கும் டொக்டருக்கும் ஊர் நிர்வாகம் பார்க்கிற விதானைக்கும் சொல்லிப் பழகிய வசனம். இதில் ஒருவரும் பிழை பிடிக்க முடியாது என்று நினைத்தோம்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதற்குக் காரணம் இருந்தது. நானும் அப்பாவும் ஃபொபூர் சேன்-தெனி வீதிக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தோம். அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே உடுப்புத் தோய்த்துக் காயப்போட வேண்டும். ஒருநாள் பள்ளிக்கூடத் தாதி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினா. என்னையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையின் உடுப்பில் பொரித்த எண்ணெய் மணக்கிறது, மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னா. அந்த மனிசி கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் சொன்னா. இவருடைய தமிழில் தயக்கமே இல்லை. எண்ணெய், நாத்தம், பக்கத்தில் இருக்கமாட்டேன், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அப்பா தன்னுடைய சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் தேவலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும், பிள்ளை நிற்கிறது, கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று அப்பா மெல்லக் கேட்டார். மாற்றிச் சொன்னால் நீங்கள் துணியை வேறே இடத்தில் காயப்போட மாட்டீர்கள் என்றார் அவர். அந்தக் கிழமையே அப்பா மாடிப்படிக்குப் பக்கத்தில் கொடி கட்டினார். அவர் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு இன்னும் கூடக் கோபம் வந்தது.

சனிக்கிழமைகளில் அவர் எங்கள் ஆட்களின் கடைக்குக் கருவாடு வாங்க வருவார். கடைக்காரர் ஒருமுறை அவரைச் சீண்டிப் பார்த்தார். என்ன முசியே, ஒரு வார்த்தையைக் கூட்டிக் குறைத்தால் உங்கள் தலையையா வெட்டிவிடுவார்கள் என்று கேட்டார். இவர் கருவாட்டை மணந்து பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அவருடைய தகப்பன் பாண்டிச்சேரிக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராம். பாவம் பார்த்து ஒரு சாட்சிக்காக ஒரேயொரு வார்த்தையைக் கூட்டினாராம். அதனால் வேறொரு மனிதன் ஏழு வருடம் உள்ளே கிடந்தானாம். அவன் வெளியே வந்த பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் வந்து இவர்கள் வீட்டு வாசலில் சும்மா நிற்பானாம். ஒரு சொல்லும் பேசமாட்டானாம். கடைக்காரர் தராசை எடுத்தார். இவர் கருவாட்டைச் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

இனி என்னுடைய வயதைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் பாரிசுக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா இரண்டு வருடம் முந்தி வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். அம்மாவும் தம்பியும் நானும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தோம். மூன்று பேரையும் ஒன்றாக அனுப்ப வழியில்லை, முதலில் மூத்ததை அனுப்பலாம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகப் பறந்தால் கேள்வி வரும் என்று, என் பேருக்கே ஒரு பாஸ்போட் செய்து, அதில் மூன்று வயதைக் கூட்டிப் போட்டான். விமான நிலையத்தில் பதினைந்து என்றேன். அதையே எழுதிக்கொண்டார்கள். பிறகு பொலிஸ் கந்தோரிலும் அகதி அலுவலகத்திலும் அப்பா அதையே சொன்னார். ஒரு தாளில் ஒன்று, இன்னொரு தாளில் வேறொன்று என்று வந்தால் முழுக் கேசும் போய்விடும் என்று எல்லோரும் அவரைப் பயப்படுத்தி வைத்திருந்தார்கள். அது வெறும் பயமுமில்லை. அந்தக் கேசை நம்பித்தான் அம்மாவும் தம்பியும் லொட்ஜில் காத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கிற படிவத்தை நிரப்பியவர் முசியேதான். பிறந்த திகதியை அப்பா சொல்ல, எழுதினார். எழுதிவிட்டு என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். இரட்டைப் பின்னலும், காலுக்குப் பெரிய சப்பாத்துமாக நான் நின்றேன். ஊரில் என்ன வகுப்புப் படித்தாய் என்று கேட்டார். ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். இவர் பேனையை மூடினார். வகுப்பைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லையே என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிரெஞ்சு தெரியாமல் வருகிற பிள்ளைகளுக்கென்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு தனி வகுப்பு இருந்தது. பதினொரு வயதும் பதினாறு வயதும் ஒரே அறையில். மாலிக்காரர், போர்த்துக்கீசர், வியட்நாம்காரர், நாங்கள். வகுப்பு ரீச்சர் வயதைப் பார்க்கமாட்டா. யார் எதுவரை படித்திருக்கிறோமோ அங்கேயிருந்து தொடங்குவா. எனக்குக் கணக்கு நன்றாக வரும். ஈஸ்டருக்குள் பிரெஞ்சும் வாய்க்குள் வந்துவிட்டது. அடுத்த வருடம் இவளை ஐந்தாம் வகுப்பில் போடலாம் என்று ரீச்சர் சொன்னா. இங்கே வகுப்புகளைத் தலைகீழாக எண்ணுவார்கள். ஐந்தாம் வகுப்பு என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. என் உண்மையான வயதுக்குச் சரியான இடம். நான் டொக்டராக வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அந்த வகுப்பின் கணக்குப் புத்தகத்தை ரீச்சர் முந்தியே எனக்குத் தந்திருந்தா. அதை வகுப்பில் இருந்து படிக்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அந்த வசந்தத்தில்தான் திட்டம் வந்தது. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் ஒரு வட்டாரமாகச் சேர்த்து, பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதையே முதலிலிருந்து யோசிக்கப்போகிறோம் என்றார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பெற்றோரை இருத்தினார்கள். அதிபர் அம்மா கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுத்தா. மேலதிகாரி ஒருவர் வட்டார அலுவலகத்திலிருந்து வந்து கோப்போடு இருந்தார். புதிதாக வந்த பிள்ளைகளைத் தனி வகுப்பில் அடைத்து வைப்பது பிழை. அந்த வகுப்பை மூடப்போகிறோம். இனி ஒவ்வொரு பிள்ளையும் தன் வயதுப் பிள்ளைகளோடு சாதாரண வகுப்பில் இருக்கும். கூடவே தனியாக உதவி கிடைக்கும். அந்த அம்மா கண் பளபளக்கப் பேசினா. உண்மையாகவே எங்களுக்கு நல்லது செய்ய ஆசைப்பட்ட மனிசி. அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன்.

முசியே ஒவ்வொரு வசனமாகக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். ஒரே ஒரு வசனத்தை மட்டும் இரண்டு தரம் சொன்னார். பதினாறு வயதைத் தாண்டியவர்கள் இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள், அவர்களை வேலைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவர் எதையும் இரண்டு தரம் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. சொல்லும்போது அப்பாவைத்தான் பார்த்தார். அப்பா நல்ல விசயம், நல்ல விசயம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அது உறைக்கவில்லை. வீட்டில் எனக்குப் பதின்மூன்று. மார்ச் மாதம் எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது என்பது பெட்டிக்குள் கிடந்த காகிதத்துக்குத்தான் தெரியும்.

கடைசியில் அதிபர் அம்மா பெற்றோரின் கருத்தைக் கேட்டா. எங்கள் ஆட்கள் ஆளையாள் பார்த்தார்கள். படிப்பிக்கிற விதத்தைப் பற்றித் தாய் தகப்பனிடம் கருத்துக் கேட்பார்கள் என்று எங்களில் யார் கண்டது? வாயால் சொல்லுங்கள் என்று முசியே நின்றார். நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ என்று முதல் ஆள் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். என் அப்பாவும் அதையே சொன்னார். மாலித் தகப்பன் ஒருவர் எழும்பி நின்று அரை மணி நேரம் சண்டை பிடித்தார். அந்தத் தனி வகுப்பை மூடினால் என் மகன் அழிந்துபோவான் என்றார். அவருக்கு ஏதோ சலுகை கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் பேரில், தமிழ்ப் பெற்றோர் முழுச் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள். எழுதியதை முசியே எங்களுக்கு வாசித்தும் காட்டினார். ஓம் ஓம் என்றோம்.

யூன் மாதத் தொடக்கத்தில் கடிதம் வந்தது. மகள் கட்டாயக் கல்வி வயதைக் கடந்துவிட்டதால் புதிய திட்டத்தில் இடமில்லை, தையல் பயிற்சிக்கு அனுப்புவது பற்றிப் பேச வரவும் என்று. அதை நானே வாசித்து அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா பெட்டியைத் திறந்து என் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு முசியேயைத் தேடிப் போனார். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் அவர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். அங்கேயும் உட்காரவில்லை. அப்பா கெஞ்சினார். நீங்கள் படித்த மனிதர், அவர்களுக்கு உங்களைத் தெரியும், பிள்ளைக்காக நீங்களாக ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானா எதுவும் சொல்ல முடியாதுங்க. நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன். ஆனா என்னா சொல்லப்போறீங்கன்னு யோசிச்சுட்டு வாங்க. அந்த மேலதிகாரி எழுதுற தாளு எந்த ஆபீசுக்கு வேணும்னாலும் போவும்."

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். வீட்டுப் படியில் நின்று, உண்மையைச் சொன்னால் அம்மாவும் தம்பியும் வரமாட்டினம், விளங்குதோ என்று கேட்டார். விளங்குகிறது என்றேன். படிப்பை வேறு வழியில் பார்ப்போம் என்றார். எந்த வழி என்று நான் கேட்கவில்லை. அவரிடம் வழி இருந்தால் அவர் ஏன் கோப்பை கழுவப்போகிறார்?

குறித்த நாளில் அதிபர் அம்மாவின் அறையில் ஆறு பேர் இருந்தோம். அதிபர், வட்டார அலுவலகத்து மேலதிகாரி, என்னுடைய வகுப்பு ரீச்சர், அப்பா, நான், நின்றபடி முசியே. ரீச்சர் எனக்காக வாதாடினா. கணக்கில் இவள்தான் முதல், ஐந்தாம் வகுப்பில் போடுங்கள் என்றா. பதினாறு வயதுப் பெண்ணைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு இருத்துவது அவளுக்கே அவமானம், அதைத் தடுக்கத்தானே இந்தத் திட்டம் என்றார் மேலதிகாரி. அதிபர் அம்மா பெருமூச்சு விட்டா. பிறகு என்னைப் பார்த்து, மெய்யான இரக்கத்தோடு ஒன்று சொன்னா. முசியே கையை உயர்த்தி, அப்பாவைப் பார்த்து அதை அப்படியே தமிழில் சொன்னார்.

"பாவம், இந்தப் பொண்ணு மூணு வயசு சின்னவளா இருந்திருந்தா, இந்தத் திட்டமே இவளுக்காக எழுதுனாப்போல இருந்திருக்கும்."

நாசமாய்ப்போன மூன்று. வேறே எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் அப்பா தாங்கியிருப்பார். ஒரு சொல்லை மாற்றி, இன்னும் சின்னவளாக இருந்திருந்தால் என்று இந்த மனிதர் பொதுவாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழும்பிவிட்டார்.

"இவளுக்குப் பதின்மூண்டு வயசு. பாஸ்போட்டிலை இருக்கிற வயசு பொய். ஏஜென்சிக்காரன் கூட்டிப் போட்டவன், நானும் எல்லா இடத்திலையும் அதைத்தான் சொன்னனான். என்னை என்னவும் செய்யட்டும். பிள்ளையைப் படிக்க விடச் சொல்லுங்கோ."

முதல் வசனத்திலேயே முசியேயின் கை உயர்ந்துவிட்டது. அப்பா நிற்கவில்லை. அந்தக் கைக்கு ஒரு ஆள் கட்டுப்படாமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பா முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். என்ன சொல்கிறார் என்று அதிபர் கேட்டா. மேலதிகாரி பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

முசியே அந்தப் பேனையைப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் சொன்னார். நன்றி சொல்கிறார், நீங்கள் சொல்கிறபடியே செய்வதாகச் சொல்கிறார்.

அப்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. எனக்கு விளங்கும் என்பது முசியேக்கும் தெரியும். சொன்ன பிறகும் அவருடைய கை இறங்கவில்லை. அது என் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. எனக்குப் பதின்மூன்று வயது என்பது பிரெஞ்சில் மூன்றே மூன்று சொல். அந்தத் தனி வகுப்பில் முதல் கிழமையே எல்லோருக்கும் சொல்லித்தருகிற வசனம். அதை நாற்பது தடவை சொல்லிப் பழகியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பொய் எண்ணைப் போட்டு. உண்மையான எண்ணைப் போட்டுச் சொல்ல அது ஒன்றுதான் சந்தர்ப்பம். நான் அந்தக் கைக்குக் கட்டுப்பட்டேன். லொட்ஜில் இருந்த அம்மாவை நினைத்தேனா, பயந்தேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேலதிகாரி ஒரு வரி எழுதினார். அப்பாவின் முன்னால் தாளை நகர்த்தினார்கள். தனக்குச் சாதகமாக ஏதோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து அப்பா கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் அந்தக் கை இறங்கியது.

வெளியே வந்ததும் அப்பா ஆவலோடு கேட்டார், என்ன சொன்னவை என்று. முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றார் முசியே. கோட்டைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்து போனார். நடந்துகொண்டே கோட்டின் மற்றக் கைக்குள் தன் கையை நுழைக்க முடியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார்.

அப்பா சாகிறவரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னேன், அவர்கள் இரங்கவில்லை என்பார். புறநகரில் வில்லியே லே பெல்லுக்கு வீடு மாறிப் போன பிறகும், பேரப்பிள்ளைகளுக்கு முன்னாலும் சொல்வார். அந்தக் கோபம் அவருக்கு ஒரு பிடிமானம்போல இருந்தது. நான் அதைப் பறிக்கவில்லை.

செப்ரெம்பரில் என்னைத் தையல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கூட இருந்த பெண்கள் எல்லோருக்கும் பதினேழு, பதினெட்டு. இடைவேளையில் சிகரெட் பிடித்துக்கொண்டு காதலர்களைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஒரு ஓரத்தில் இருந்து கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். அடுத்த வருடம் தையல் கடை. பதினான்கு வயதில் எட்டு மணி நேரம் மெசினில் இருந்தேன். காகிதம் பதினேழு என்றதால் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தால் எனக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. ஓய்வூதியம் மூன்று வருடம் முந்தி வரும்.

அம்மாவும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். தம்பியின் வயதை யாரும் மாற்றவில்லை. அதே பள்ளிக்கூடத்தில், அதே திட்டத்தில், தன் வயதுப் பிள்ளைகளோடு போய் இருந்தான். தனியாக உதவியும் கிடைத்தது. நன்றாகப் படித்தான், இப்போது பெரிய வேலையில் இருக்கிறான். அந்தத் திட்டம் நல்ல திட்டம் அக்கா, அது இல்லையென்றால் நான் இல்லை என்று ஒருமுறை சொன்னான். ஓமடா என்றேன். வயிறு எரிந்தது. தம்பிமேல் எரிந்தால் பாவம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எரிந்தது.

முசியே அன்றைய நாளோடு பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாராம். இரண்டு மூன்று முறை ஆள் அனுப்பிக் கேட்டும், தன்னால் இனி அந்த வேலை செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம். அவருடைய இடத்துக்கு எங்கள் ஆளொருவர் வந்தார். கெட்டதைக் குறைத்து, நல்லதைக் கூட்டி, இருபக்கமும் இனிக்க இனிக்கச் சொல்வார். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது.

முசியேயை நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் கையெழுத்துக்கு இரண்டு வருடம் கழித்து, அதே கருவாட்டுக் கடையில். மெலிந்துபோயிருந்தார், கழுத்துப்பட்டி இல்லை. தையல் கடையிலிருந்து நேரே வந்த என் தலைமயிரில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. ஒதுங்கிப் போய்விடலாம் என்று பார்த்தேன். கண்டுவிட்டார்.

"அம்மா வந்துட்டாங்களா?"

"ஓம் ஐயா."

"தம்பி?"

"ஓம். அவனும் வந்திட்டான். பள்ளிக்கூடம் போறான்."

தலையாட்டினார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர் கருவாட்டை நிறுத்துக் கொடுத்தார், பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கவும் மறந்து நின்றார். பிறகு, இப்போது உனக்கு எத்தனை வயது என்று கேட்டார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு யோசிக்கவே தேவையில்லை, யார் கேட்டாலும் வாயில் தானாக வருவது வந்தது.

"பதினெட்டு."

அவருடைய வலது கை நெஞ்சளவுக்கு உயர்ந்தது. பழக்கதோசம். அதைத் தானே பார்த்துவிட்டுக் கீழே இறக்கினார். என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"பதினஞ்சும்மா."

கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.